நண்பர்களோடு சேர்ந்து வீட்டில் பீர் தயாரித்தது உண்டா? பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எங்கள் வீட்டில் 11 வெடித்தன.

நீங்களும் எங்களைப் போல வெளிநாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் ஆசையை இத்தோடு விட்டுவிடுங்கள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். நாங்கள் இருந்தது ஜெர்சி சிட்டியில். அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் தயாரிக்கலாம். விற்கக் கூடாது. "கள்ளச்சாராயம் காய்ச்சியவன் எல்லாம் பதில் எழுத வந்துவிட்டான்" என்று கமெண்ட் போட வருபவர்கள் இந்த வரிகளை இரண்டு முறை படிக்கவும். சாராயம் வடிப்பது வேறு, அது அங்கேயும் குற்றம்.

மதுரைக்காரன், சேலத்துக்காரன், நான், அப்புறம் ஒரு சென்னைக்காரன். இவன் கதைக்குக் கடைசியில் வருகிறேன். ஜனவரி மாதம், மால்ட் பாகு (முளைகட்டிய பார்லியில் எடுத்தது), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் ஒரு பூ), ஈஸ்ட் எல்லாம் அடங்கிய 5 கேலன் கிட் ஒன்று வாங்கினோம். இருப்பதிலேயே பெரிய பிரியாணி அண்டாவில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, பாத்டப்பில் பனியை அள்ளிக் கொட்டி, அதில் அண்டாவை இறக்கி ஆறவைத்தோம். பிறகு பக்கெட்டில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவி மூடினோம். மறுநாள் மூடிமேல் இருந்த ஏர்லாக்கில் (கேஸை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத குழாய்) 'புளுக் புளுக்' என்று குமிழி வந்தபோது நாலு பேரும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆறாம் நாள் குமிழி நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. ஹீட்டர் பில்லுக்குப் பயந்து வீட்டை 14 டிகிரியில் வைத்திருந்தோம். 18, 20 டிகிரி கேட்கும் ஈஸ்ட் குளிரில் தூங்கிப் போயிருந்தது. ஹைட்ராமீட்டர் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழாய் அது; சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். ஆரம்பத்தில் 1.050 காட்டினால், அது 1.012 பக்கம் இறங்கி இரண்டு மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். அந்தக் கண்ணாடிக் குழாயை முதல் நாளே கழுவும்போது உடைத்தாயிற்று. யார் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான்.

கேஸ் ஏறுவதற்காக 120 கிராம் சர்க்கரை சேர்த்து 48 பாட்டிலில் அடைத்தோம். அந்த அளவில் தப்பில்லை. மதுரைக்காரன் எல்லாவற்றையும் கொண்டுபோய் ரேடியேட்டர் பக்கத்தில் அடுக்கினான். "தோசை மாவை ஓவன்ல லைட் போட்டு வைக்கிறோம்ல, அதே மாதிரிதான்டா." மாவுப் பாத்திரத்துக்கு மூடி சும்மாதானே இருக்கிறது! சூடு பட்டதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, மிச்சம் இருந்த சர்க்கரையையும் புதுச் சர்க்கரையையும் சேர்த்துத் தின்றது. அதில் வந்த கேஸ் இறுக்கி மூடிய பாட்டிலிலிருந்து வெளியே போக வழியில்லை.

நாலாம் ராத்திரி 2 மணிக்கு முதல் சத்தம். லைட்டைப் போட்டால், 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டையில் விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி நிற்கிறது. பக்கத்தில்தான் சேலத்துக்காரனின் தலையணை. நல்லவேளை, அவன் பாத்ரூம் போயிருந்தான். பனிக்கோட்டு, கையுறை, கூலிங் கிளாஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, கனமான துண்டைப் போர்த்தி, மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பால்கனிக் குளிருக்குக் கடத்தினோம். நன்றாகக் குளிர்ந்த பிறகு கேஸைத் திறந்துவிட்டு மறுபடி மூடி அடித்தோம். ருசி? லேசாகப் பச்சை ஆப்பிள் வாடை. குடிக்கலாம், அவ்வளவுதான்.

தப்பியது 37. அதில் 12ஐ சென்னைக்காரன் ஆபீஸ் பார்ட்டிக்குக் கொண்டுபோய் "நான் காய்ச்சியது" என்று நீட்டியிருக்கிறான். ஒரு பாட்டில் கழுவியவன் இல்லை. இவனை நியூவார்க் ஏர்போர்ட்டில் மூன்று முறை விடியற்காலையில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், டோல் காசுகூடத் தந்ததில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அதான் பீர் குடுத்தேனே மச்சான்" என்றான்.