சால்மன் வாரியத்தில் அமர்பவர்கள் யார்?

கேள்வி: அமெரிக்காவில் சால்மன் மீன்களை மீட்கும் வட்டார வாரியங்களில் மீன்வள அறிஞர்கள் மட்டும்தான் இருக்கிறார்களா?
- வாசகி, எண்ணூர், சென்னை.

பதில்: இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றின் மேற்பகுதிக்கான மேல் கொலம்பியா சால்மன் மீட்பு வாரியத்தில் செலான், டக்ளஸ், ஒக்கனோகன் ஆகிய மாவட்டங்களின் பிரதிநிதிகளும், கால்வில், யாக்கமா பழங்குடி அரசுகளின் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். அறிவியலாளர்கள் தொழில்நுட்பக் குழுக்களில் இருந்து ஆலோசனை வழங்குகிறார்கள். அதே மாநிலத்தின் ஸ்நேக் ஆற்றுச் சால்மன் மீட்பு வாரியத்தில் நிலவுடைமையாளர்களுக்கும் இடம் உண்டு.

இதற்கான காரணம் அந்த ஆறுகளின் கரைகளிலேயே இருக்கிறது. மீன் முட்டையிடும் கிளையாறுகள் பல ஆப்பிள் தோட்டங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஒட்டி ஓடுவதால், பாசனத்துக்குத் திருப்பப்படும் நீரைக் குறைக்கவோ கரையில் மரம் வளர்க்கவோ நில உரிமையாளரின் மனமுவந்த ஒப்புதல் தேவைப்படுகிறது. அதை அவர் நம்பும் உள்ளூர்க்காரரால்தான் பெற முடியும்.

பழங்குடியினரை வெறும் ஆலோசகர்களாகக் கருதுவது பெரும் பிழை. யாக்கமா மக்கள் அமெரிக்க அரசுடன் செய்த 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே தங்கள் மீன்பிடி உரிமையை உறுதிசெய்துகொண்டவர்கள். கால்வில் மக்களோ, 1942இல் நிறைவடைந்த கிராண்ட் கூலி அணை மீன்களின் வழியை முற்றிலும் அடைத்து, அதன் நீர்த்தேக்கமும் பரவியதால், தலைமுறைகளாக மீன்பிடித்த கெட்டில் அருவியையே நீரில் மூழ்கக் கொடுத்தவர்கள். மேல் கொலம்பியாவில் வசந்தகாலத்தில் ஆறேறும் சினூக் வகைச் சால்மன் அழியும் நிலையிலுள்ள இனமாக 1999இல் அறிவிக்கப்படுவதற்கு வெகு முன்பே அந்த இழப்பை வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் குடும்பங்களை அறிந்த உங்களுக்கு, அத்தகைய அனுபவ அறிவின் எடையை நான் விளக்க வேண்டியதில்லை.