கொக்கி முடிந்தது பாக்டீரியாவுக்கு எப்படித் தெரியும்?

கசையிழையின் (பாக்டீரியா நீந்த உதவும் வால்) அடிப்பகுதி தயாராகும் முன்பே வால் இழைக்கான புரதம் செல்லுக்குள் குவிந்துவிடாதா?
– முதுநிலை மாணவி, திருச்சி

குவியாது. சால்மோனெல்லா பாக்டீரியாவில் இதற்கென 60-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. மூன்று கட்டமாக இயங்குகின்றன. தலைமைப் புரதம் எஃப்எல்எச்டிசி. அது இரண்டாம் கட்டத்தை எழுப்பும்: சவ்வில் பதியும் அடிப்பகுதி, புரதங்களை வெளியே தள்ளும் பொறி, அடிப்பகுதியையும் இழையையும் இணைக்கும் வளைந்த கொக்கி எல்லாம் அப்போதுதான் உருவாகும். கூடவே சிக்மா-28 என்ற புரதமும், அதைக் கட்டிப்பிடித்து முடக்கும் எஃப்எல்ஜிஎம் என்ற புரதமும் வரும். இழைப் புரதமான ஃபிளாஜெல்லினின் மரபணுவைப் படிக்க சிக்மா-28 வேண்டும். அது பிடியில் இருக்கும்வரை மூன்றாம் கட்டம் நகராது.

கொக்கி சுமார் 55 நானோமீட்டர் வளர்ந்ததும் வெளியேற்றும் பொறி தன் தேர்வை மாற்றிக்கொள்ளும். அதுவரை கொக்கித் துண்டுகளை மட்டும் அனுப்பியது, இனி இழைக்கான சரக்கை அனுப்பும். எஃப்எல்ஜிஎம்மும் அதே குழாய் வழியே வெளியே போய்விடும். சிக்மா-28 விடுபடும். கெல்லி ஹியூஸ் குழுவினர் 1993-ல் இதைக் காட்டினர். தனி உணர்கருவி எதுவும் இல்லாமல், வெளியேறும் வழி திறந்ததே செய்தியாகிவிடுகிறது. இந்தச் சிக்கனம்தான் அழகு. மரபணு மாற்றத்தால் கொக்கி உருவாகாத பிறழ்விகளில் ஃபிளாஜெல்லின் மரபணு உறங்கும். அதே செல்லில் எஃப்எல்ஜிஎம் மரபணுவையும் நீக்கினால் கொக்கி இல்லாமலே விழித்துக்கொள்ளும். ஓர் இழைக்கு 20,000 மூலக்கூறுகள் வரை தேவை என்பதால் அது பெரிய வீண்செலவு.

எங்கள் ஈ. கோலை பாக்டீரியா மென் அகாரில் (நீந்திப் பரவ இடம் தரும் இளகிய கூழ்) பரவவே மாட்டேன் என்கிறது. ஊடகத்தில் குளுக்கோஸ் சேர்த்திருக்கிறோம்.
– ஆய்வு மாணவர், மதுரை

முதல் சந்தேகம் குளுக்கோஸ் மேல்தான். அது இருந்தால் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு குறையும். அதை நம்பியிருக்கும் சிஆர்பி புரதம் எஃப்எல்எச்டிசி மரபணுவை ஊக்குவிக்காது. தொடக்கமே இல்லாதபோது மற்ற கட்டங்கள் எங்கே?

குளுக்கோஸை விட்டுவிட்டு 1% டிரிப்டோன், 0.5% உப்பு, 0.25% அகார் போடுங்கள். அகார் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் நீந்த இடம் போதாது. தட்டின் மேற்பரப்பில் தடவாமல் ஊசியால் அகாருக்குள் குத்துங்கள்; 30 டிகிரியில் வையுங்கள். 42 டிகிரியில் கசையிழை உருவாவதே நின்றுவிடும்.

அப்படியும் பரவாவிட்டால் விகாரத்தை (ஸ்ட்ரெய்ன், அதாவது பாக்டீரியாவின் உள்வகை) பாருங்கள். எம்ஜி1655 என்ற ஈ. கோலை ஆய்வக விகாரத்தில், ஒரே பெயரில் இருக்கும் இருப்புகளில்கூட, எஃப்எல்எச்டிசி-க்கு முன்னால் தாவும் மரபுத்துண்டு நுழைந்தவை நன்றாக நீந்தும், நுழையாதவை மந்தமாக இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் பிசிஆர் முறையில் நகலெடுத்தால், கிடைக்கும் துண்டின் நீளமே சொல்லிவிடும்.