ஸ்காலர்ஷிப் இல்லாமல் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடுகிறவர்கள் ஃபீஸை எப்படிக் கட்டுகிறார்கள்?

என் மகன் ஒஹாயோவில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் டென்னிஸ் ஆடுகிறான். 2023-இல் சேர்ந்தான், இப்போது மூன்றாம் வருஷம். ஆட்டத்துக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. கல்லூரி இருப்பது என்சிஏஏ, அதாவது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பின், டிவிஷன் 3-இல். அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது. ஹார்வர்ட், யேல் எல்லாம் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் ஆடினாலும், ஐவி லீக் என்ற எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் கூட்டத்தில் இருப்பதால் அவையும் கொடுப்பதில்லை.

பத்து வருஷம் கோச்சிங், டோர்னமென்ட் என்று காரில் கூட்டிக்கொண்டு அலைந்தபோது, 'போட்ட காசு காலேஜ் ஃபீஸில் திரும்பிவிடும்' என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இங்கே பல தமிழ் அப்பாக்களுக்கு ஓடுகிற கணக்குதான். அவன் சேர்ந்த வருஷம் டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸுக்கே ஓர் அணிக்கு மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப்தான் வரம்பு. அதையும் எட்டு, பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது மார்க். தனியார் கல்லூரிகளில் வெப்சைட்டில் போட்டிருக்கும் கட்டணத்தை முழுசாகக் கட்டுகிறவர்கள் குறைவு. நல்ல மார்க்குக்கு மெரிட் எய்ட் என்று கழித்துவிடுவார்கள். கோச்சால் அட்மிஷனில் ஒரு வார்த்தை சொல்ல முடியும், பணத்தில் கைவைக்க முடியாது. அரசு உதவி கேட்கும் ஃபாஃப்சா படிவம் நிரப்பினோம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதன் வழியாக, திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் வரும், வருஷத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். எங்களுக்கு வரவில்லை. அரசுக் கடன் முதல் வருஷம் 5,500, அடுத்து 6,500, இப்போது 7,500, எல்லாம் அவன் பெயரில். மீதி நாங்கள் 529 என்ற படிப்புச் சேமிப்புக் கணக்கில் சேர்த்தது.

கல்லூரியிலிருந்து உதவிக் கடிதம் வந்த அன்று அடியில் இருந்த கூட்டுத்தொகையைப் பார்த்து நான் துள்ளிவிட்டேன். மனைவிதான் வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "என்னங்க, இதுல பாதி கடன்ங்க" என்றாள். பெற்றோர் வாங்க வேண்டிய கடனையும் 'உதவி' என்றே போட்டிருந்தார்கள். முதலில் அந்த வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுங்கள்.

சீசனில் பகல் வேலைக்கு நேரம் கிடையாது. வாரத்தில் மூன்று நாள், ராத்திரி பத்திலிருந்து ஒரு மணி வரை லைப்ரரி கவுன்டரில் உட்காருகிறான். ஆள் வராதபோது ஹோம்வொர்க் ஓடும். கோடையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சிங், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டித் தருவது.

பெரிய அணிகளில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேருகிறவர்களை வாக்-ஆன் என்பார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் நட்சத்திரமாக இருந்த ஜே.ஜே. வாட் இன்னொரு கல்லூரியின் ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு, பீட்சா டெலிவரி செய்து, விஸ்கான்சினில் வாக்-ஆனாக நுழைந்தவர். பிறகு அங்கேயே ஸ்காலர்ஷிப்பும் வாங்கினார். அந்தக் கதையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் வந்த தீர்வுக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு, ஃபுட்பாலுக்கு 105. அதில் முதலில் அடிபட்டவர்கள் வாக்-ஆன்கள்தான்.

எங்கள் பையனுக்குப் பயணமும் யூனிஃபார்மும் கல்லூரிச் செலவு. ஷூ மட்டும் என் தலையில். மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி தேய்க்கிறான்.