சென்னாவுக்காக அழுத தேசம்: வாசகர் கேள்வி பதில்

பிரேசிலைச் சேர்ந்த ஃபார்முலா 1 கார் பந்தய வீரர் அயர்டன் சென்னாவின் மரணத்தையும் அவருடைய ரசிகர்களின் துயரத்தையும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: 1994-ல் சென்னா இறந்தபோது பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்ததாகப் படித்தேன். ஒரு பந்தய வீரருக்காக ஒரு நாடே அழுதது சற்று மிகையாகத் தோன்றவில்லையா?

அன்றைய பிரேசிலை மறந்துவிட்டுப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1964-ல் தொடங்கிய ராணுவ ஆட்சி 1985-ல்தான் முடிவுக்கு வந்தது. அதன்பின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் குடியரசுத் தலைவர், ஊழல் புகாரில் சிக்கி 1992-ல் பதவி விலகினார். 1993-ல் விலைவாசி ஒரே ஆண்டில் இருபது மடங்குக்கும் மேல் ஏறியது. காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் மதிப்பிழந்துவிடும் என்ற நிலையில் மக்கள் வாழ்ந்தார்கள். நாட்டின் உயிர்மூச்சான கால்பந்திலும் 1970-க்குப் பிறகு உலகக் கோப்பை கிட்டவில்லை. இத்தனை ஏமாற்றங்களுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் மஞ்சள் தலைக்கவசம் அணிந்த ஒருவர் உலகத்தின் சிறந்த வீரர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்துக்கொண்டிருந்தார். 1986-ல் உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலை பிரான்ஸ் வீழ்த்திய மறுநாள், டெட்ராய்ட் நகரில் வென்ற சென்னா, ஒரு ரசிகரிடமிருந்து பிரேசில் கொடியை வாங்கிக் காரிலிருந்தபடியே ஏந்திச் சென்றார். பின்னாளில் அதுவே அவருடைய வெற்றிகளின் வழக்கமாகிவிட்டது.

அவர் உயிரிழந்த, இத்தாலியின் இமோலா தடத்தில் நடந்த பந்தயமும் பிரேசில் நேரப்படி ஞாயிறு காலையில்தான் நடந்தது. குடும்பத்தோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே, நேரலையில், அந்த விபத்து நிகழ்ந்தது. உடலைச் சரக்கறையில் ஏற்றாமல் பயணிகள் பகுதியிலேயே வைத்துக் கொண்டுவந்தது பிரேசிலின் வாரிக் நிறுவன விமானம். சாவோ பாலோவின் சட்டமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்ட உடலுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். வீதிகளில் திரண்டவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியதாகக் கணக்கிட்டார்கள். மூன்று நாள் துக்கத்தை அரசு அறிவித்தது உண்மைதான். அறிவிக்காமல் இருந்திருந்தாலும் மக்கள் அனுசரித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: விபத்துக்கு உண்மையான காரணம் என்ன? யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

1994 மே 1 அன்று, இமோலாவில் நடந்த சான் மரீனோ கிராண்ட் ப்ரீ பந்தயத்தின் ஏழாவது சுற்றில், டம்புரெல்லோ என்னும் அதிவேக இடது வளைவில் சென்னாவின் வில்லியம்ஸ் அணிக் கார் திரும்பாமல் நேரே சென்று கான்கிரீட் சுவரில் மோதியது. தடத்தை விட்டு விலகியபோது மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் இருந்த கார், அவர் பிரேக்கை அழுத்தியதால் சுவரை அடைவதற்குள் ஓரளவு வேகம் குறைந்திருந்தது. மோதிய வேகத்தில் முன்சக்கரமும் அதைத் தாங்கும் தண்டுகளும் பிய்த்துக்கொண்டு வந்து தலையைத் தாக்கியதுதான் மரணத்துக்குக் காரணம். பொலோனியா நகர மருத்துவமனையில் அன்று மாலை அவருடைய மரணம் அறிவிக்கப்பட்டது.

கார் ஏன் திரும்பவில்லை என்பதில்தான் சர்ச்சை. ஓட்டுநர் அறையில் இடம் போதவில்லை என்று சென்னா கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஸ்டீயரிங் தண்டை வெட்டி, குறுகிய விட்டமுள்ள குழாய் ஒன்றை இடையில் பற்றவைத்திருந்தார்கள். அது ஒடிந்ததே காரணம் என்று பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2007-ல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. காலவரம்பு கடந்துவிட்டதால் யாருக்கும் தண்டனை இல்லை. காரின் அடிப்பாகம் தரையில் உரசிப் பிடிமானம் இழந்ததுதான் காரணம், தண்டு மோதலில்தான் ஒடிந்தது என்று வாதிடும் பொறியாளர்களும் உண்டு.

கேள்வி: பரம எதிரி என்று சொல்லப்பட்ட பிரெஞ்சு வீரர் அலைன் புரோஸ்ட், சென்னாவின் சவப்பெட்டியைச் சுமந்தாராமே?

ஆம், சுமந்தார். 1989-ல் ஜப்பானின் சுசூகாவில் இருவரும் மோதியதில் அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம் புரோஸ்ட்டுக்குப் போனது. மறு ஆண்டு அதே இடத்தில் முதல் வளைவிலேயே புரோஸ்ட்டை மோதி வெளியேற்றிய சென்னா பட்டத்தை எடுத்துக்கொண்டார். அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். (சென்னாவைத் தெய்வமாக்க விரும்பும் ரசிகர்கள் இந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.) ஆனால், 1993-ன் கடைசிப் பந்தயத்தோடு புரோஸ்ட் ஓய்வு பெற்றபோது, வெற்றி மேடையில் அவரைத் தம் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டவரும் சென்னாதான். இமோலாவில், பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காகக் காரை ஓட்டியபடியே தடத்தை விவரித்துப் பேசியபோது, அத்தொலைக்காட்சியின் வர்ணனையாளராக வந்திருந்த புரோஸ்ட்டுக்கு வணக்கம் சொல்லி, நீங்கள் இல்லாதது எங்களுக்கெல்லாம் குறையாக இருக்கிறது என்றும் சொன்னார்.

கேள்வி: சென்னாவுக்கு முந்தைய நாள் அதே தடத்தில் இறந்த ரோலண்ட் ராட்சன்பெர்கரை யாரும் நினைப்பதில்லையே. ரசிகர்களின் துக்கமும் புகழைப் பார்த்துத்தான் வருமா?

கசப்பான கேள்வி; பெருமளவுக்கு நியாயமானதும்கூட. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ராட்சன்பெர்கர் வெகுகாலம் பிற பந்தயங்களில் ஓடிப் பணம் திரட்டி, 33 வயதில்தான் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தார். சிம்டெக் என்ற சிறிய அணியின் காரில் அவர் கலந்துகொண்ட பந்தயம் ஒன்றே ஒன்றுதான். ஏப்ரல் 30 அன்று தகுதிச் சுற்றில், காரைத் தரையோடு அழுத்தி வைக்கும் முன்இறகு உடைந்து, கார் கட்டுக்கடங்காமல் போய்ச் சுவரில் மோதியது. அவரைப் பெரும்பாலான ரசிகர்கள் அறிந்திருக்கவில்லை; அறியாத ஒருவருக்காக அழ முடியாததை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பந்தய உலகம் நடந்துகொண்ட விதம்தான் உறுத்துகிறது. பிரபலங்கள் பலரும் சாவோ பாலோவுக்கு விரைந்தார்கள். உலக மோட்டார் கூட்டமைப்பின் தலைவராக இருந்த மாக்ஸ் மோஸ்லியோ, எல்லோரும் சென்னாவிடம் போய்விட்டார்கள், இவருக்கும் யாராவது போக வேண்டும் என்று சொல்லி, சால்ஸ்பர்க் நகரில் நடந்த ராட்சன்பெர்கரின் இறுதிச் சடங்குக்குச் சென்றார்.

அந்த வாரக் கடைசியில் ராட்சன்பெர்கரை மறக்காதவர்களில் முதன்மையானவர் சென்னாதான். விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். பந்தய மருத்துவர் சிட் வாட்கின்ஸ், ஓட்டுவதை விட்டுவிடுங்கள், நாம் மீன் பிடிக்கப் போகலாம் என்று வற்புறுத்தியும் விலக மறுத்தார். மறுநாள் சென்னாவின் நொறுங்கிய காருக்குள் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. வென்றால் ராட்சன்பெர்கரின் நினைவாக அதை ஏந்த எண்ணியிருந்தார். 2024 மே மாதம், முப்பதாம் ஆண்டு நினைவில், முன்னாள் உலகச் சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் சென்னாவின் பழைய மெக்லாரன் காரை இமோலாவில் ஓட்டியபோது பிரேசில், ஆஸ்திரியா ஆகிய இரண்டு கொடிகளையும் ஏந்தினார். ரசிகர்கள் அதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவருக்காக அழுவது உண்மையான துக்கமா?

பத்தாண்டுக் காலம் பந்தயந்தோறும் ஒருவருடைய வெற்றிக்காகப் படபடத்த மனம், அவர் இல்லை என்று தெரிந்ததும் அழாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: இவ்வளவு கண்ணீரால் என்ன மாறியது?

கண்ணீர் தனியாக எதையும் மாற்றவில்லை. அந்தக் கண்ணீர் உண்டாக்கிய நெருக்கடி மாற்றியது. உலகம் முழுவதும் நேரலையில் பார்த்த மரணத்தைத் தொழில் ஆபத்து என்று தள்ளிவிட்டு அடுத்த பந்தயத்துக்குப் போக நிர்வாகிகளால் முடியவில்லை. வீரர்களின் சங்கம் மீண்டும் உயிர்பெற்றது. அதற்கான பேச்சைத் தொடங்கியவர்களில் சென்னாவும் ஒருவர். எஞ்சின் அளவு 1995-ல் மூன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராகக் குறைக்கப்பட்டது. டம்புரெல்லோ வளைவு, வேகத்தை மட்டுப்படுத்தும் வளைவு நெளிவாக மாற்றப்பட்டது. ஓட்டுநரின் தலையைச் சுற்றி உயரமான பக்கச் சுவர்கள், சக்கரம் பறக்காமல் காரோடு பிணைக்கும் கயிறுகள், 2003-ல் கழுத்துக் காப்பு, 2018-ல் தலைக்கு மேலே ‘ஹேலோ’ வளையம் என்று அடுத்தடுத்து வந்தன. 2014-ல் ஜூல்ஸ் பியாங்கி படுகாயமடைந்து மறு ஆண்டு இறக்கும்வரை, ஃபார்முலா 1 பந்தயங்களில் வேறெந்த வீரரும் உயிரிழக்கவில்லை. ஆனால் 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் கழன்று பறந்த சக்கரம் தாக்கித் தடப் பணியாளர்கள் இருவர் இறந்தார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பெருமை பேசும்போது அவர்களை விட்டுவிடுகிறோம்.

கேள்வி: பிரேசில் கால்பந்து அணி உலகக் கோப்பையைச் சென்னாவுக்குச் சமர்ப்பித்தது உண்மையா?

உண்மை. 1994 ஜூலை 17 அன்று இத்தாலியை வென்றவுடன் சென்னாவின் பெயர் எழுதிய பதாகையை வீரர்கள் மைதானத்திலேயே விரித்துக் காட்டினார்கள். அது பிரேசிலின் நான்காவது கோப்பை. சென்னாவும் தம் நான்காவது பட்டத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோதுதான் இறந்தார்.

கேள்வி: என் பத்து வயது மகனுக்குச் சென்னா யாரென்றே தெரியாது. எந்தப் பந்தயத்தைக் காட்டலாம்?

தயவுசெய்து விபத்துக் காட்சியிலிருந்து தொடங்காதீர்கள். 1993-ல் இங்கிலாந்தின் டானிங்டனில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் ப்ரீயின் முதல் சுற்றைக் காட்டுங்கள். நனைந்த தடத்தில் தொடக்கத்திலேயே ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட சென்னா, ஷூமேக்கர், வென்ட்லிங்கர், ஹில், புரோஸ்ட் என்று ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, சுற்று முடியும்போது முதலிடத்தில் இருப்பார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பையனுக்குப் பிடித்துவிட்டால், கியர் பெட்டி பழுதாகிக் கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரிலேயே ஓட்டி, சொந்த மண்ணில் முதன்முறையாக வென்ற 1991 பிரேசில் பந்தயத்தை முழுதாகக் காட்டலாம்.