சிலம்பம், கராத்தே எல்லாம் வெறும் ஆட்டமா? எம்.எம்.ஏ.தான் உண்மையான சண்டையா?

உங்கள் கேள்வியின் கடைசியில் "என் மகனை எதில் சேர்க்கலாம்?" என்று ஒரு வரி இருக்கிறது. உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். பையனுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். பள்ளியிலேயே கராத்தே வகுப்பு நடக்கும், பக்கத்து மைதானத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார்கள், மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) ஜிம் ஒன்று புதிதாக வந்திருக்கும். நடுவில் யாரோ அந்தச் சீன வீடியோவை உங்களுக்கு அனுப்பிவைத்துக் குழப்பியிருப்பார்கள்.

அந்த வீடியோ பொய்யில்லை. 2017 ஏப்ரலில் செங்டு நகரத்தில் நடந்தது. ஷு சியாவ்தோங் என்ற எம்.எம்.ஏ. பயிற்சியாளர், வெய் லெய் என்ற தை சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீனத் தற்காப்புக் கலை) குருவை இருபது விநாடிக்குள் கீழே சாய்த்து அடித்து முடித்துவிட்டார். வெய் லெய் லேசுப்பட்டவர் இல்லை. உள்ளங்கையில் புறாவை வைத்து, அது பறக்க முடியாமல் தன் சக்தியால் நிறுத்திவைப்பதாக அரசுத் தொலைக்காட்சியிலேயே காட்டியவர். புறா பறக்கவில்லை, சரி. ஆனால் அன்று எதிரே நின்றது புறா இல்லையே.

அதைப் பார்த்துவிட்டு "பாரம்பரியக் கலை எல்லாம் ஏமாற்று" என்று முடிவு கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். "எங்க கலையில ஒரே தட்டு, ஆள் காலி" என்று மீசையை முறுக்குகிறவர்களைக் கண்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். இரண்டு தரப்பும் திட்டும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். பள்ளி நாட்களில் ஊர் வாத்தியாரிடம் கம்பு கற்றேன். அவருக்குப் பகலில் செங்கல் சூளையில் கணக்கு எழுதும் வேலை. சாயங்காலம் களத்துமேட்டில் எங்களை நிறுத்துவார். தட்சணை வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாயும். மாதக்கணக்கில் சலாமும் காலடியும்தான், கம்பையே தரமாட்டார். அப்புறம் நேருக்கு நேர் நிறுத்துவார். நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்த கம்பு. ஆட்டம் முடிந்து சட்டையைப் பார்த்தால் யார் எங்கே வாங்கினான் என்று வெள்ளையாகத் தெரியும். கம்பின் நுனியைக் கண்ணால் துரத்திக்கொண்டிருந்தால் கணுக்காலில் ஒன்று விழும். "ஏலே, கம்பப் பாக்காத. தோளப் பாரு" என்பார். நுனி வரும் வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்காது. தோள் அதற்கு முன்பே அசைந்துவிடும்.

அந்தத் தோள்தான் சென்னையில் எனக்குக் கை கொடுத்தது. அக்கா மகன் ஒரு எம்.எம்.ஏ. ஜிம்மில் சேர்ந்துவிட்டு "மாமா, சும்மா வந்து பாருங்க" என்று நச்சரித்தான். நாற்பதைத் தாண்டியவன் நான். போனேன். கோச் வடசென்னைப் பையன். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையைக் குலப்பெருமைபோலச் சொல்லும் பகுதியில் வளர்ந்தவன். (அதுவும் பாரம்பரியம்தான் என்பதை எம்.எம்.ஏ. ரசிகர்கள் கவனிக்கவும்.) "அண்ணா, கம்பு ஆளுன்னு சொன்னான். லைட்டா ஒரு ரவுண்டு போலாமா?" என்றான்.

நின்று குத்துகிற வரைக்கும் சமாளித்தேன். அவன் கை நீளுவதற்கு முன் தோள் சொல்லிவிட்டது. பின்னால் போனேன், பக்கவாட்டில் போனேன், என் குத்தும் ஒன்றிரண்டு பட்டது. அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியம். அப்புறம் குத்துவதுபோல் காட்டிவிட்டுச் சட்டென்று குனிந்தான். என் முழங்கால்களுக்குப் பின்னால் அவன் கைகள். அடுத்து நான் பார்த்தது சீலிங் ஃபேன்.

எழுபது கிலோ இருப்பான். அதில் பாதியை என் தாடைமேல் வைத்துக் குறுக்கே படுத்துக்கொண்டான். அவன் பனியன் ஈரம் என் மூக்கை அடைக்கிறது. கையால் தள்ளினால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறான். காலை உதறினால் எனக்குத்தான் இளைக்கிறது. காதருகில் நிதானமாகச் சொல்கிறான்: "மூச்ச அடக்காதீங்கண்ணா. மொதல்ல மூச்சு வுடுங்க." தோற்றேன் என்று கையால் தட்டினேன், உடனே விட்டுவிட்டான். வாத்தியார் பாடத்தில் தரை கிடையாது. கம்புச் சண்டையில் விழுந்தவன் கதை முடிந்தது என்றுதான் கணக்கு. கையில் கம்போ அரிவாளோ இருக்கும்போது அது நியாயமான கணக்கும்கூட.

அந்த ஜிம்மில் என் கவனத்தை இழுத்தது வேறொருவன். கடலூர்ப் பக்கத்துப் பையன், சாப்பாடு டெலிவரி வேலை, எந்தக் கலையும் முறையாகப் படித்ததில்லை. ஊரில் கபடி ஆடியவன், அவ்வளவுதான். என்னை ஒரே மூச்சில் சாய்த்த கோச்சால் அவனை அப்படிச் சாய்க்க முடியவில்லை. காலைப் பிடித்தால் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு நகர்கிறான். கணுக்காலைப் பிடித்தால் உருவிக்கொள்கிறான், தொடையைப் பிடித்தால் இடுப்பைப் பின்னால் தள்ளிவிடுகிறான். "கபடிப் பசங்கள வுழ வெக்கறது பேஜாருண்ணா" என்றான் கோச், மூச்சு வாங்கியபடி.

கபடியை யாரும் தற்காப்புக் கலை என்று சொல்வதில்லை. பெல்ட் கிடையாது, குரு வணக்கம் கிடையாது, ரகசிய மந்திரம் கிடையாது. ஆனால் ரெய்டு போகிறவனை எதிரணியில் நாலு பேர் நிஜமாகவே போகவிடாமல் மறிக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். பழசா புதுசா என்று பார்க்காதீர்கள். தடுக்க முயலும் ஆளோடு பழகுகிறார்களா, இல்லை காற்றோடு பழகுகிறார்களா என்று பாருங்கள்.

எம்.எம்.ஏ. பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி (இன்று எம்.எம்.ஏ.வின் பெரிய போட்டி) நடந்தது. எடைப் பிரிவு இல்லை. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் தவிர ஏறக்குறைய எல்லாம் செல்லும். சுமோ ஆள், குத்துச்சண்டை ஆள், கராத்தே ஆள் எல்லோரும் இருந்தார்கள். குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் போட்டு வந்தார். ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்து ஜெயித்தவர் ஹோய்ஸ் கிரேசி, ஒல்லியான பிரேசில்காரர். அந்த நிகழ்ச்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவருடைய அண்ணன் ரோரியன். அதாவது குடும்பக் கலைக்குக் குடும்பமே கொடுத்த விளம்பரம். இதை யாரும் ரீல்ஸில் சொல்வதில்லை. இருந்தாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

அந்தக் குடும்பக் கலையான பிரேசிலிய ஜுஜுத்ஸு (ஆளைத் தரையில் மடக்கிப் பிடிக்கும் கலை) எங்கிருந்து வந்தது? ஜப்பானிய ஜூடோவிலிருந்து. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவில் கொடோகான் பள்ளியைத் தொடங்கியபோது ஒரு காரியம் செய்தார். பழைய ஜுஜுத்ஸுவில் இருந்த குத்து, உதை, ஆளை முடமாக்கும் பிடிகளை எல்லாம் ராண்டோரி என்ற சுதந்திரப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைத்தார். மிச்சத்தை முழு பலத்தோடு, முழு எதிர்ப்போடு பழகச் சொன்னார். அவர் பள்ளியில் வளர்ந்த மாஏதா மித்சுயோ பிரேசிலுக்குப் போய்க் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். ஆபத்தானதை விட்டதால்தான் தினமும் நிஜமாக மோத முடிந்தது. "எங்கள் அடி உயிரை எடுக்கும், அதனால் போட்டியில் போடமாட்டோம்" என்கிறவர்கள் அந்த அடியை ஒருமுறைகூட நிஜமாகப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். வர்மத்தைக் கேலி செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். குமரி மாவட்டத்து ஆசான்களிடம் போய்ச் சுளுக்கும் முறிவும் சரியாகி வந்தவர்களை எனக்கே தெரியும். படுத்திருக்கும் நோயாளியின் உடம்பில் புள்ளியைத் தொடுவது வேறு, திமிறிக்கொண்டு அடிக்க வருகிறவன் உடம்பில் தொடுவது வேறு என்று மட்டும் சொல்கிறேன்.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. காமா பயில்வான் மண் கோதாவில் வளர்ந்தவர், குஸ்தி முழுக்கப் பாரம்பரியம். 1910-இல் லண்டனுக்குப் போய்ப் போலந்தின் ஸ்பிஷ்கோவோடு மோதியபோது, அந்த ஆள் இரண்டரை மணி நேரம் போலத் தரையோடு ஒட்டிக்கிடந்து டிரா வாங்கினார். 1928-இல் பட்டியாலாவில் மறுபடி மோதினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காமா ஜெயித்துவிட்டார். பிரேசிலின் லியோட்டோ மச்சிடா அப்பாவிடம் ஷோட்டோகான் கராத்தே கற்றவர், அதை வைத்தே 2009-இல் யுஎஃப்சி சாம்பியன் ஆனார். 2024-இல் யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் பூஜா தோமர் வுஷு என்ற சீனத் தற்காப்பு விளையாட்டிலிருந்து வந்தவர்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். என் நண்பரின் மகள் சிலம்பம் படிக்கிறாள். வீட்டு ஷோகேஸ் முழுக்கக் கோப்பை, மெடல். சுவரில் "உலக சாதனை" சான்றிதழ்கள் ஃபிரேம் போட்டுத் தொங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பள்ளி மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வெயிலில் மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து, சாதனை என்று அறிவித்துவிடுகிறார்கள். பானைமேல் நின்று சுற்றுவது, ஆணிப் பலகைமேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது என்று விதவிதமாக. நுழைவுக் கட்டணம், டி-ஷர்ட், மெடல் எல்லாம் பெற்றோர் செலவு. பிள்ளை நன்றாகத்தான் சுற்றினாள், நான் கம்பு பிடித்த நாளில்கூட எனக்கு அந்த வேகம் இல்லை. "எதிரே ஒருத்தர் கம்போட நின்னு அடிச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். "எதுக்கு அங்கிள்?" என்றாள்.

பிள்ளைமேல் தப்பில்லை. அலங்கார வீச்சு அழகுதான், உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் தலைக்கவசம் போட்டு, எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டி நம்மிடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகவே இடம்பெற்றது. அதை விட்டுவிட்டு ஷோகேஸை நிரப்பிக்கொண்டிருந்தால், நாளைக்கு ஒரு ஷு சியாவ்தோங் இங்கேயும் கிளம்புவான். அவனைத் திட்டிப் பிரயோசனம் இருக்காது.

சம்பந்தமில்லாவிட்டாலும் இதையும் கொட்டிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் நான் காலையில் கம்பு சுற்றக் கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டிருக்கிறது. "ஆயுதம்" என்று காரணம். அதே மாடியில் ஸ்பீக்கர் வைத்து ஜும்பா நடக்கிறது, அதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை. என் கம்பு இப்போது பரண்மேல் கிடக்கிறது.

"சீனாவுக்கே சண்டைக் கலையைச் சொல்லிக்கொடுத்தது நம்ம ஊர்த் துறவி" என்று போதிதர்மரை இழுத்துக்கொண்டு கமெண்ட்டுக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: அவர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு இருக்கிறது, பாரசீகர் என்று சொல்லும் குறிப்பும் இருக்கிறது. ஆனால் அவரை ஷாவோலின் மடத்து உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், உங்கள் தெருவில் இருக்கும் வகுப்பு நல்லதா என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். ஒருவருக்கொருவர் பிடித்து, தள்ளி, தொட்டு ஆடும் நேரம் கொஞ்சமாவது இருக்கிறதா? வாத்தியாரோ கோச்சோ பிள்ளைகளோடு தானும் வியர்க்கிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சேர்த்துவிடுங்கள். பார்க்கவே அனுமதி இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். எம்.எம்.ஏ. ஜிம்மாக இருந்தால், சின்னப் பிள்ளைகளைத் தலையில் குத்தவிடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். "ஆமா சார், அப்பதான் பயம் போகும்" என்று சொன்னால் அங்கேயும் வேண்டாம்.