பழைய உரிமப் புத்தகத்தில் உள்ள கனரக வாகன உரிமை

வணக்கம் ஐயா. வட ஆற்காடு (வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய மாவட்டம்) முத்திரையிட்ட பழைய ஓட்டுநர் உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்கும்போது கனரக வாகன உரிமை விடுபட்டுவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். அந்த அச்சம் நியாயமானதே.

புத்தகத்தை ஒப்படைக்கும் முன், வாகன வகை எழுதி அதிகாரி கையொப்பமிட்ட பக்கங்களை, பின்னாளில் சேர்த்த வகைக்குரிய பக்கம் உட்பட, ஒன்றுவிடாமல் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அரசின் ஓட்டுநர் உரிம இணையதளமான சாரதியில் உங்கள் உரிம எண்ணுக்குக் காட்டப்படும் வகைகளை அவற்றோடு ஒப்பிட்டு, ஏதேனும் குறைந்தால், புதுப்பிக்க விண்ணப்பிப்பதற்கு முன்பே வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, ஒப்புகையும் பெற்றுக்கொள்ளுங்கள். இதை முகவரிடம் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கனரக வாகனம் அடங்கும் போக்குவரத்து (வணிக) வாகன உரிமைக்குத் தனிக் காலாவதித் தேதி உண்டு. புதுப்பித்தால் 5 ஆண்டுகளே செல்லும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டும். மருத்துவர் கையொப்பமிட்ட 1-ஏ என்னும் மருத்துவச் சான்றுப் படிவமும் அவசியம்.