தென்னை மூடாக்கில் துள்ளுவது தெள்ளுப்பூச்சி அல்ல

கேள்வி: ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஊடுபயிராக கோகோ வைத்து, மட்டையும் உரிமட்டையும் போட்டு மூடாக்கு செய்திருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து, மூடாக்கைக் கிளறினால் பழுப்பு நிறத்தில் நெல்மணி அளவுள்ள ஏதோ ஒன்று கூட்டம் கூட்டமாகத் துள்ளுகிறது. பெருமழை பெய்த மறுநாள் காலையில் மோட்டார் அறையின் சிமெண்ட் தரையில் சிவந்துபோய்ச் செத்துக் கிடக்கிறது. கோகோ இளங்கன்றுகளின் இலைகள் ஓட்டை ஓட்டையாக இருக்கின்றன. தெள்ளுப்பூச்சி என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கட்டுத்தறியில் கன்றுக்குட்டி இருப்பதால் பயமாக இருக்கிறது. பூச்சிமருந்துக் கடையில் குருணை மருந்து தூவச் சொல்கிறார்கள். தூவலாமா?

பதில்: தூவ வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பூச்சியே அல்ல. இறால், நண்டு வகையைச் சேர்ந்த, நிலத்தில் வாழப் பழகிக்கொண்ட ஓர் உயிர். ஆங்கிலத்தில் லேண்ட்ஹாப்பர் (landhopper) என்பார்கள். சந்தையில் கருவாட்டுக் கடையில் குவித்து வைத்திருக்கும் சென்னாக்கூனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்தச் சாயல்தான். இரத்தம் குடிக்காது, கடிக்காது, பச்சை இலையைத் தேடி மேலே ஏறாது. உங்கள் கன்றுக்குட்டிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். உடல் இரு பக்கமும் அழுந்தித் தட்டையாக, வில் போல வளைந்திருக்கும். துள்ளி ஓய்ந்ததும் காலூன்றி நிற்காமல் ஒருக்களித்துச் சாய்ந்துவிடும். தலையில் ஒரு ஜோடி நீள உணர்கொம்பும் ஒரு ஜோடி குட்டை உணர்கொம்பும் இருக்கும். கால்களை எண்ணினால் ஏழு ஜோடி வரும். தெள்ளுப்பூச்சியும் பக்கவாட்டில் தட்டைதான், அதனால்தான் பலரும் குழம்புகிறார்கள். ஆனால் அதற்கு ஆறே கால்கள். அளவிலும் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. பின்னங்காலை உதைத்துத் தாவும். உங்கள் தோப்பில் இருப்பது வால் பகுதியை வயிற்றுக்கு அடியில் மடக்கிச் சட்டென்று நிமிர்த்துவதால் எகிறுகிறது. அதனால் எந்தத் திசையில் போய் விழும் என்று அதற்கே பிடிபடாது.

சிமெண்ட் தரையில் சிவந்து கிடப்பதற்கும் காரணம் இருக்கிறது. பூச்சிகளின் மேல்தோலில் ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு உண்டு. இவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னமும் செவுள் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன, அந்தச் செவுள் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். அதற்காக நீரில் மூழ்கியும் இருக்க முடியாது. பெருமழையில் மண் சொதசொதவென்று ஆனதும் மேடு தேடி வெளியேறுகின்றன. சிமெண்ட் தரைக்கு வந்து, ஈரம் வற்றிச் சாகின்றன. செத்ததும் வேகவைத்த இறாலைப் போலவே நிறம் சிவக்கிறது. வாரிக் குப்பைக் குழியில் போட்டுவிடுங்கள், அது போதும்.

கடலே இல்லாத நம் கொங்குச் சீமையில் கடல் வகை உயிர் எப்படி என்று நீங்கள் வியக்கலாம். இந்தக் குடும்பத்தின் பல வகைகள் இன்றும் கடற்கரையில்தான் வாழ்கின்றன. அலை ஒதுக்கிய பாசியைத் தின்றுகொண்டு, பகலில் ஈரமணலில் புதைந்து, இரவில் வெளியே வரும். அவற்றில் ஒரு வகை சூரியனையும் நிலவையும் பார்த்தே கடல் இருக்கும் திசையைக் கண்டுகொள்கிறது என்று பார்தி, பாபி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் 1950-களில் காட்டினார்கள். வேறு வகைகள் கரையை விட்டு ஏறிக் காட்டுச் சருகுக்குள் குடிபுகுந்தன. தாய் தன் முட்டைகளைக் கால்களுக்கு நடுவே உள்ள பையில் சுமக்கிறது. அதிலிருந்து குஞ்சு பெரியதின் உருவத்திலேயே வெளியே வருகிறது. நீரில் நீந்தித் திரியும் இளம்பருவம் என்று ஒன்று இல்லாததால், கடலுக்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, தெற்காசியாவின் ஈரக் காடுகள் ஆகியவை இந்தச் சருகுவாசிகளின் இருப்பிடங்கள். 1934-இல் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு வகை, மனிதர் கொண்டுபோன செடிகளோடு சேர்ந்து இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. இங்கிலாந்தின் சில்லி தீவுகளில் 1920-களில் கண்ட வகையும் தோட்டச் செடிகளோடு ஆஸ்திரேலியாவிலிருந்து போனதுதான். உங்கள் கோகோ கன்றுகள் எந்த நாற்றங்காலில் இருந்து வந்தன என்று பாருங்கள். பை மண்ணோடும் சேர்ந்து வந்திருக்கலாம்.

இவை தின்பது மட்கத் தொடங்கிய சருகையும் அதில் படரும் பூஞ்சையையும். கோகோ சருகு கனமானது, எளிதில் மட்காது. அதைக் கடித்துப் பொடியாக்கி எச்சமாக விட்டால், நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கச் சுலபமாகிறது. மூடாக்குக்கு அடியில் கருத்த பொலபொலப்பான மண் கிடைப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. உங்கள் மண்ணில் ஈரமும் மட்கும் நன்றாக இருப்பதால்தான் இவை இவ்வளவு பெருகியிருக்கின்றன. அந்த மூடாக்கை நீங்கள் கலைக்கவே கூடாது.

குருணை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடையில் தருவது ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லி என்றால், அது 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே தடை செய்யப்பட்டது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேறு குருணையாக இருந்தாலும் மண்புழுவும் சேர்ந்து சாகும். தோப்பில் மேயும் கோழிகள் இந்தத் துள்ளிகளை ஆசையாகப் பொறுக்கும்; மருந்து பட்டதைத் தின்றால் கோழிக்கும் ஆபத்து.

அப்படியானால் இலையை ஓட்டை போட்டது யார்? இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு போய்ப் பாருங்கள். இலையிலோ தண்டிலோ காய்ந்த பசை போலப் பளபளக்கும் தடம் இருந்தால் நத்தை. ஆப்பிரிக்க நத்தை மழைக்காலத்தில் ஒரே இரவில் இளங்கன்றை மொட்டையாக்கிவிடும். நனைத்த சாக்கை அங்கங்கே விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் கழிவோ வையுங்கள். விடியும் முன் சாக்கைத் தூக்கினால் அடியில் திரண்டிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக் கரைசலில் போடுங்கள். அந்தக் கரைசலைத் தோப்பு மண்ணில் ஊற்றாதீர்கள். பசைத் தடம் இல்லாமல் இலையில் வண்டுகள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தால், அவற்றையும் கையால் உதிர்த்துச் சேகரியுங்கள். கன்றின் தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மட்டும் மூடாக்கை விலக்கி வைத்தால் நத்தை ஒளிய இடம் குறையும்; மற்ற இடத்தில் அப்படியே இருக்கட்டும்.